தடவிய கிரீம் எங்கே போகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மருந்துக்கடை. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் அடிக்கடி வருவார். விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குள் விட்ட கை, மதியம் வரைக்கும் உப்புத் தண்ணீரிலும் செதிலிலுமே கிடக்கும். வீட்டுக்குப் போனால் கவிச்சி போக சோப்பு போட்டு நாலு தடவை கழுவுவார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை உப்புத்தாள் போலாகிவிட்டது. குழம்புக்குப் புளி கரைத்தால் உயிரே போகிறது என்பார். போன மாதம் டாக்டர் சீட்டோடு வந்தார். அதில் எழுதியிருந்த ஆயின்மென்டை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு துளி தேய்த்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வழவழன்னு ஒட்டுது. இதே பேர்ல போன வாட்டி வெள்ளையா கிரீம் குடுத்தியே, அதையே குடு. ரெண்டுலயும் ஒரே மருந்துதானே, ஒரே பர்சென்ட்தானே?"

மருந்து ஒன்றுதான், சதவீதமும் ஒன்றுதான். ஆனாலும் அவர் கைக்கு அந்த இரண்டு டியூபும் ஒன்றல்ல. கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டியூபின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது மருந்தின் பெயர். உள்ளே அது இருப்பதோ கொஞ்சம்தான். படர்தாமரைக்குப் போடும் க்ளோட்ரிமசோல் கிரீமில் நூற்றுக்கு 1 பங்கு. அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு என்றால் 0.1 பங்குதான். மீதி 99 பங்கும் எண்ணெய், மெழுகு, தண்ணீர், அப்புறம் இவற்றைச் சேர்த்துப் பிடித்துவைக்கும் ஒரு பொருள். இந்த மீதியை எங்கள் தொழிலில் பேஸ் என்போம். மருந்தைத் தூக்கிக்கொண்டு வரும் வண்டி அது என்றுதான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் பாதி நேரம் ஆளைத் தேற்றுவதே அந்தப் பேஸ்தான். மருந்து எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் தோலைப் பார்ப்போம். நாம் தொட்டுப் பார்க்கிற மேல்தோலின் வெளிப் படலம் முழுக்க இறந்த செல்கள். கை, முதுகு போன்ற இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்தால் ஒன்றோ இரண்டோ பங்குதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதற்குள் தட்டையான செல்கள் பதினைந்து, இருபது வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் இதைச் செங்கல் சுவர் என்பார்கள். செல்கள் செங்கல். நடுவில் பூசியிருக்கும் சாந்து கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்து தகடு தகடாகப் படிந்திருக்கின்றன. சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் அலையில் கிடந்தாலும் கடல் தண்ணீர் நம் உடம்புக்குள் ஏறுவதில்லை. கத்தரி வெயிலில் நடந்தாலும் உடம்பின் ஈரம் கருவாடு போல வற்றிவிடுவதில்லை. இரண்டுக்கும் காரணம் இந்தக் கொழுப்புச் சாந்துதான்.

சோப்பு என்ன செய்யும்? பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற அதே வேலையைத் தோலிலும் செய்யும். அழுக்கோடு சேர்த்துச் சாந்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். போதாததற்கு, நம் தோல் லேசாகப் புளிப்புத்தன்மை உள்ளது. அதன் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு) ஐந்துக்குப் பக்கம். சாதாரண சோப்பு ஒன்பது, பத்து. ஒருமுறை கழுவினால் தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாள் முழுக்க நனைந்து, திரும்பத் திரும்பக் கழுவும் கைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மீன்கார அக்காவின் கையில் நடந்தது இதுதான். சாந்து போய்விட்டது, செங்கல் பெயர்ந்துவிட்டது, சந்து வழியாகப் புளி நேரே நரம்பைத் தொடுகிறது.

இனி கிரீமுக்கு வருவோம். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நம் சமையலறையிலேயே இரண்டும் சேர்ந்திருக்கும் பொருள்கள் இருக்கின்றன. பால் அப்படித்தான்: தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது. கிரீம் வெள்ளையாக இருப்பதற்கும் அதே காரணம்தான். சாயம் எதுவும் சேர்க்கவேண்டியதில்லை. பாலேட்டைக் கடையும்போது கவனித்தால் ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகும். அதுவரை தண்ணீருக்குள் மிதந்த கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். மோர் பிரியும். கையில் வரும் வெண்ணெயில் கொழுப்புதான் வெளியே, தண்ணீர் சின்னச் சின்னத் துளியாக உள்ளே. பால் தண்ணீருக்குள் எண்ணெய், வெண்ணெய் எண்ணெய்க்குள் தண்ணீர். இரண்டுக்கும் பொதுப்பெயர் எமல்ஷன். தமிழில் பால்மம் என்று எழுதுவார்கள். அழகான சொல்.

கடையில் விற்கும் எல்லாக் கிரீமும் இந்த இரண்டில் ஒன்று. பாலைப் போன்ற வகை தேய்த்ததும் மறைந்துபோகும், தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு வந்துவிடும். வெண்ணெயைப் போன்ற வகை பிசுபிசுக்கும், தண்ணீர் பட்டாலும் எளிதில் போகாது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியவேண்டுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகளவு கிரீமைப் போட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி கரைந்து பரவினால் முதல் வகை. கட்டியாக மேலே மிதந்துகொண்டே இருந்தால் இரண்டாவது. ஆயின்மென்ட் இந்த இரண்டிலும் சேராது. அதில் பெரும்பாலும் தண்ணீரே இருக்காது, வாசலின் போன்ற கொழுப்பு மட்டும்தான்.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதற்குப் பால்மமாக்கி என்று பெயர். முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் அப்படிப்பட்டது. சோப்பும் அப்படித்தான். டிப்ளமோ படிக்கும்போது கோல்ட் (குளிர்) கிரீம் செய்யும் பயிற்சி இருந்தது. ஒரு பீக்கரில் தேன்மெழுகும் லிக்விட் பாரஃபினும், இன்னொன்றில் தண்ணீரும் வெங்காரமும் (போராக்ஸ்). இரண்டையும் 70 டிகிரிக்குச் சூடாக்கிச் சேர்க்கவேண்டும். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் தண்ணீர் பீக்கரை ஆறவிட்டுவிட்டேன். ஊற்றியதுமே மெழுகு உறைந்து, உப்புமா ரவை போலப் பொரிபொரியாக நின்றது. எவ்வளவு கலக்கியும் சேரவில்லை. ஆசிரியர் அதைக் கொட்டச் சொல்லாமல் என் புறங்கையில் தேய்க்கச் சொன்னார். ஒரு பக்கம் நறநறவென்று மெழுகு, இன்னொரு பக்கம் வெறும் தண்ணீர். "இதுல மருந்து போட்டிருந்தா ஒரு இடத்துல மொத்தமும் இருக்கும், இன்னொரு இடத்துல ஒண்ணுமே இருக்காது" என்றார். இரண்டாவது முறை சூடு ஒத்துப்போனபோது, ஊற்ற ஊற்றக் கண்முன்னே கலவை வெளுத்தது. வெங்காரமும் மெழுகில் இருக்கும் அமிலமும் சேர்ந்து அந்த இடத்திலேயே சோப்பு உண்டாகி, இரண்டையும் பிடித்துக்கொண்டது. பால் வண்ணத்துக்கு அது மாறிய அந்த நொடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கோல்ட் கிரீமுக்கு வயது 1,800 ஆண்டுகளுக்கு மேல். ரோமாபுரியில் இருந்த கேலன் என்ற மருத்துவர் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் கலந்து செய்ததாகச் சொல்வார்கள். அதில் உறுதியான பால்மமாக்கி கிடையாது. பூசியதும் பிரிந்து, தண்ணீர் ஆவியாகி, தோல் ஜில்லென்று ஆகும். பெயர் அப்படித்தான் வந்தது. பிரியாமல் மாதக்கணக்கில் நிற்கும் கிரீம் வந்தது வெகுகாலம் கழித்துத்தான். ஆட்டுக் கம்பளியில் படிந்திருக்கும் மெழுகிலிருந்து ஐசக் லிஃப்ஷூட்ஸ் என்ற வேதியியலாளர் நல்ல பால்மமாக்கி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதை வைத்துத்தான் 1911-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிவியா கிரீம் பிறந்தது.

சரி, கிரீமைத் தோலில் தேய்த்துவிட்டோம். அப்புறம் என்ன நடக்கிறது? பலரும் யோசிக்காத இடம் இது. தேய்த்த சில நிமிடங்களில் கிரீம் கிரீமாகவே இருப்பதில்லை. உடம்புச் சூட்டிலும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகிறது. பால்மம் உடைகிறது. மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலமும், பால்மமாக்கியும், அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மருந்தும்தான். டியூபில் நூற்றுக்கு ஒன்றாக இருந்த மருந்து, தண்ணீர் போனபின் தோலின் மேல் பல மடங்கு செறிவாகிவிடும். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் கூட்டம் நெருக்கினால் காலியான பஸ்ஸைப் பார்த்துத்தானே ஓடும்? மருந்தும் நெருக்கமான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு, அதாவது தோலுக்குள், நகரத் தொடங்கும். தள்ளிவிட யாரும் வேண்டாம். செறிவில் இருக்கும் வித்தியாசமே தள்ளும்.

ஆனால் நெருக்கம் மட்டும் போதாது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. விருந்தாளியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கியிருக்கும் வீட்டில் மெத்தையும் மின்விசிறியும் மூன்று வேளை மீன் குழம்பும் கிடைத்தால் கிளம்புவாரா? மாட்டார். வசதி கொஞ்சம் குறைந்தால்தான் அடுத்த வீட்டைப் பார்ப்பார். மருந்தும் அப்படித்தான். கொழுப்பில் நன்றாகக் கரையும் மருந்தை, அதற்கு ரொம்பப் பிடித்த எண்ணெயில் தாராளமாகக் கரைத்துக் கொடுத்தால் அது பேஸிலேயே தங்கிவிடும். தோலுக்குள் போக மனமே வராது. அது கரையும் எல்லையை அளந்து, இதற்கு மேல் இங்கே இடமில்லை என்கிற நிலையில் வைத்தால் தோலை நோக்கி வேகமாகக் கிளம்பும். 1960 வாக்கில் டகேரு ஹிகுச்சி என்ற மருந்தியல் அறிஞர் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார். ஆகவே சதவீதத்தைப் பார்த்து மட்டும் இந்த டியூப் வீரியமானது என்று சொல்லமுடியாது. ஒரே ஸ்டீராய்டு, ஒரே அளவு, பேஸ் மாறினால் வீரியத்தின் படியே மாறும். பெரும்பாலும் ஆயின்மென்ட் மேலே, கிரீம் அடுத்து, லோஷன் அதற்கும் கீழே.

அப்புறம், எல்லாப் பொருளும் உள்ளே போய்விட முடியாது. மருந்தின் மூலக்கூறு சின்னதாக இருக்கவேண்டும். 500 டால்டனுக்கு மேற்பட்டவை நல்ல தோலைத் தாண்டுவது மிகக் கடினம் என்று 2000-ல் போஸ், மெய்னார்டி என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு. நிகோடின் 162, டைக்ளோஃபெனாக் 296, க்ளோட்ரிமசோல் 345, ஹைட்ரோகார்டிசோன் 362. எல்லாம் வரம்புக்குள். இன்சுலின் ஏறத்தாழ 5,800. "ஊசிக்குப் பதிலா தடவுற மாதிரி வராதா சார்?" என்று சர்க்கரைக்காரர்கள் கேட்கும்போது இந்த எண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். கொலாஜன் கிரீம் என்று விளம்பரம் பார்த்து வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கொலாஜன் மூன்று லட்சம் டால்டன். அது தோலின் மேலே படிந்து கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, கொழுப்போடு ஒட்டிப்பழகவும் வேண்டும். சாந்து கொழுப்பு அல்லவா? இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியாமல் இருக்கும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் பிசினெண்ணெய்தான் காரணம். அதிலிருக்கும் அனகார்டிக் அமிலத்தின் எடை சுமார் 340-லிருந்து 350 டால்டன். நீண்ட கொழுப்பு வாலும் உண்டு. சின்னது, கொழுப்பை விரும்புவது. மருந்து செய்கிறவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் தேடித் தேடிச் சேர்க்கும் அதே குணங்கள். அதனால்தான் அது அவ்வளவு எளிதாகத் தோலுக்குள் இறங்கிப் புண்ணாக்குகிறது. அந்தப் பெண்கள் ஆமணக்கெண்ணெய் பூசி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். பிசின் நேரே தோலில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தடுப்புக் கிரீம் என்று தனியாக விற்பதற்கு வெகுகாலம் முன்பே கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தது. அவர்கள் எல்லோருக்கும் நல்ல கையுறை கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

500 என்ற வரம்பு நல்ல தோலுக்குத்தான். டாக்ரோலிமஸ் என்ற மருந்து 804 டால்டன். எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து அரிக்கும் நோய்) வந்த தோலில் சுவர் இடிந்திருப்பதால் அது உள்ளே போய்விடுகிறது. தோல் ஆற ஆற, சுவர் திரும்பக் கட்டப்பட்டு, போகும் அளவு தானாகவே குறைகிறது. வேண்டியபோது திறந்து வேண்டாதபோது மூடும் கதவு மாதிரி. ஆனால் இதே விஷயம் ஆபத்தும்கூட. சிராய்ப்பிலும் வெடிப்பிலும் தடவும் எதுவும், அதிலிருக்கும் வாசனைப் பொருள் உட்பட, நல்ல தோலில் போவதைவிட அதிகமாக உள்ளே போகும்.

மருந்தே இல்லாத கிரீம் தோலுக்கு என்ன செய்கிறது? வாசலின் ஈரம் வெளியேறுவதை ஏறத்தாழ முழுக்கவே அடைத்துவிடும். அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. உள்ளேயிருந்து வரும் ஈரத்தைப் போகவிடாமல் மூடிவைக்கிறது. அதனால்தான் குளித்துத் துவட்டி, லேசான ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசச் சொல்கிறோம். காய்ந்த தோலில் பூசினால் மூடிவைக்க அங்கே ஒன்றும் இருக்காது. கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. யூரியா 10 சதவீதம் என்றால் ஈரம் காக்கும். 20-லிருந்து 40 சதவீதம் வரை போனால் தடித்த தோலையே இளக்கி உரிக்கும். பித்தவெடிப்புக் காலுக்கு அது நல்லது, முகத்துக்கு ஆகவே ஆகாது. ஒரே பொருள், அளவு மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

பால்மமாக்கியும் சும்மா இருப்பதில்லை. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்கத் தெரிந்தது, நம் சாந்தையும் தொட்டுப்பார்க்கும். பிரிட்டனில் எக்ஸிமாக் குழந்தைகளுக்கு வெகுகாலமாகக் கொடுத்துவந்த ஒரு கிரீமில் சோடியம் லாரில் சல்ஃபேட் ஏறத்தாழ 1 சதவீதம் இருந்தது. ஷாம்பூவில் நுரை வரவைக்கும் அதே பொருள். நல்ல தோல் உள்ள சிலருக்கு நாலு வாரம் அதைப் பூசிப் பார்த்தார்கள் பாத் பல்கலைக்கழகத்தில். வெளிப் படலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்து, ஈரம் வெளியேறுவது கூடிவிட்டது. 2010-ல் இது வெளிவந்தது. தோலைக் காப்பாற்றக் கொடுத்த கிரீமே அதன் சுவரைச் சுரண்டியிருக்கிறது. "இந்தக் கிரீம் போட்டா எரியுது சார்" என்று யாராவது சொன்னால், மருந்து வேலை செய்கிறது என்று நான் சமாதானம் சொல்வதில்லை. பேஸை மாற்றிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன்.

நம் ஊர் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். கடலோரப் புழுக்கத்தில் வேர்க்குரு வந்த முதுகில் ஆயின்மென்டைப் பூசினால் வியர்வைத் துளைகள் இன்னும் அடைபடும், வேர்க்குரு கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் நடந்து சேற்றுப்புண் வந்த விரலிடுக்கு ஏற்கெனவே ஊறிப்போய் வெளுத்திருக்கும். அங்கேயும் கொழுப்பைப் பூசி மூடக்கூடாது. துடைத்து உலர்த்தி, லேசான கிரீமோ பவுடரோ போதும். ஈரமாக இருந்தால் உலர்த்து, உலர்ந்திருந்தால் ஈரமாக்கு. தோல் மருத்துவத்தில் மிகப் பழைய விதி இது. என் கவுன்டரில் தினமும் பயன்படுகிறது.

உடம்பின் எந்த இடம் என்பதும் முக்கியம். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்டிசோனை உடம்பின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்னங்கையில் போவதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14. நெற்றியில் 6. தாடையில் 13. விதைப்பையில் 42. அதே டியூப், அதே ஆள். காலுக்கு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமை மீதமிருக்கிறதே என்று முகத்தில் பூசுவது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த எண்களே சொல்லும். மேலே ஏதாவது போட்டு மூடினால் இன்னும் மோசம். பாலிதீன் சுற்றினால் பத்து மடங்கு வரைகூட அதிகம் போகலாம். குழந்தையின் டயப்பரும் ஒரு பாலிதீன் சுற்றுதான். அந்த இடத்தில் ஸ்டீராய்டு பூசும் தாய்மார்களைப் பார்த்தால் மனசு பதறும். குழந்தையின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால் உள்ளே போவது உடம்பு முழுக்கப் பரவும்.

மூடிவைப்பதை நல்லதுக்கும் பயன்படுத்துகிறார்கள். குழந்தைக்கு ஊசி போடும் இடத்தில் மரத்துப்போக ஒரு கிரீம் உண்டு. அதிலிருக்கும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் அறைச் சூட்டில் திடப்பொருள்கள். சரிபாதி சேர்த்தால் 18 டிகிரியிலேயே உருகி எண்ணெயாகிவிடும். அந்த எண்ணெயைத் தண்ணீரில் பால்மமாக்கினால், கரைக்கத் தனி எண்ணெயே தேவையில்லை, ஒவ்வொரு துளியும் மருந்துதான். அதைப் பூசி, மேலே ஒட்டி மூடி, ஒரு மணி நேரம் விட்டால் குழந்தை ஊசியை உணராது. பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு. சுவரைத் தாண்ட நேரம் வேண்டும். தடவும் மருந்துகளின் இந்த மெதுவான நடையையே பயனாக்கியதுதான் பேட்ச். காதுக்குப் பின்னால் ஒட்டினால் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்கோபோலமின் உள்ளே போய், கப்பலில் வரும் தலைச்சுற்றலையும் வாந்தியையும் தடுக்கும். 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துப் பேட்ச் அது.

ஸ்டீராய்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1952-ல் சல்ஸ்பெர்கர், விட்டன் இருவரும் ஹைட்ரோகார்டிசோனைத் தடவும் மருந்தாகப் பயன்படுத்திக் காட்டியது தோல் மருத்துவத்துக்கே பெரிய திருப்பம். எக்ஸிமாவில் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தவர்கள் தூங்கினார்கள். நல்ல மருந்து. ஆனால் படர்தாமரைக்கு அதைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும், அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பும். "அந்த மூணு மருந்து கலந்த டியூப் குடுங்க, அதான் சட்டுனு கேக்குது" என்று பள்ளிப் பையன்கள் முதல் லாரி டிரைவர்கள் வரை வருகிறார்கள். அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று அதே குடும்பத்து மருந்தை வாங்க வரும் பெண்பிள்ளைகளும் உண்டு. சில மாதத்தில் முகம் மெலிந்து, சிவந்து, பருவும் முடியுமாகி நிற்பார்கள். 2018-ல் மத்திய அரசு இப்படிப் பதினான்கு ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதியைத் திருத்தியது. நான் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அளவு விஷயத்தில் எளிய வழி ஒன்று. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். 1991-ல் வந்த கணக்கு, இன்றும் டாக்டர்கள் இதையே சொல்கிறார்கள். இன்னொன்று, பெண்களுக்குக் கட்டாயம் சொல்வேன்: வாசலின், பாரஃபின் கலந்தவை புடவையிலும் நைட்டியிலும் ஊறிப்போயிருந்தால் அடுப்பு நெருப்பு சட்டென்று பற்றும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. பூசிய துணியோடு அடுப்பங்கரைக்குப் போகவேண்டாம்.

அக்காவிடம் இதில் பத்தில் ஒன்றுதான் சொன்னேன். உங்கள் கை வறண்டு வெடித்திருக்கிறது, கிரீமில் இருக்கும் தண்ணீர் காய்ந்துபோகும், ஆயின்மென்ட்தான் மூடி வைக்கும், மருந்தையும் நன்றாக உள்ளே விடும். வேலை முடிந்து, இனி தண்ணீரில் கைவைக்க மாட்டோம் என்கிற ராத்திரி நேரத்தில் மட்டும், டாக்டர் சொன்ன பத்து நாள் போடுங்கள். ஒரு கைக்கு, முன்னும் பின்னும் சேர்த்து, ஒரு விரல்நுனி அளவு. பகலில் கழுவும்போதெல்லாம், துடைத்த ஈரத்தோடு, மருந்தில்லாத சாதாரணக் கிரீம் கொஞ்சம்.

"ராத்திரி மேல ஒரு பாலிதீன் கவர் கட்டிக்கிட்டா சீக்கிரம் ஆறுமா?" என்று கேட்டார். டாக்டர் சொல்லாமல் அதைச் செய்யவேண்டாம் என்றேன். பழைய பருத்தி உறை இருந்தால் போட்டுக்கொள்ளலாம், படுக்கையில் ஒட்டாமல் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து வேறு யாருக்கோ காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தார். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, போகிறவர் நின்று, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

"நேத்து வஞ்சிரம் கொழம்பு வெச்சேன் தம்பி. நானேதான் புளி கரைச்சேன்."